செஞ்சிக் கோட்டையும் எருசலேமின் மதிலும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்பவர்கள் செஞ்சி வந்ததும் சன்னல் பக்கம் தலையைத் திருப்பாமல் இருப்பதில்லை. மூன்று குன்றுகள், அவற்றை இணைக்கும் நீண்ட மதில்கள், உள்ளே நெற்களஞ்சியம், குளங்கள், கல்யாண மகால் என்று ஒரு நகரமே அங்குக் காவல் காத்து நிற்பதுபோல் தோன்றும். 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அறிவித்த மராட்டியக் கோட்டைகளின் உலகப் பாரம்பரியத் தொகுப்பில் செஞ்சியும் இடம்பெற்றது.

இக்கோட்டையின் வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சிவாஜியின் மகன் இராஜாராம் உள்ளே இருக்க, 1690-இல் முகலாயப் படை முற்றுகையைத் தொடங்கியது. இராஜாராம் தப்பிச் சென்ற பின், 1698-இல்தான் கோட்டை வீழ்ந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த அதே கோட்டையை, 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் கைப்பற்றியது. குன்றுகளும் அவையேதான், மதில்களும் அவையேதான். அப்படியானால் ஒரு கோட்டையின் வலிமை கல்லில் மட்டுமா இருக்கிறது?

இதே கேள்வியை எபிரேய விவிலியம் எருசலேமின் மதிலருகே நின்று கேட்கிறது. அந்த மதிலோடு தொடர்புடைய மூன்று தலைவர்களைப் பார்ப்போம்.

1. எசேக்கியா: மதிலைக் கட்டினார், மன்றாடவும் செய்தார்

கி.மு. 701-இல் அசீரிய அரசன் சனகெரிபு யூதாவின்மீது படையெடுத்தான். எசேக்கியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இடிந்த மதிலைச் செப்பனிட்டார்; நகருக்கு வெளியே இருந்த நீரூற்றுகளை அடைத்தார்; கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவந்தார் (2 குறி 32:3-5, 30). அவருடையது என்று கருதப்படும் சுரங்கக் கால்வாய், ஏறத்தாழ 533 மீட்டர் நீளத்திற்கு இன்றும் இருக்கிறது. இரு முனைகளிலிருந்தும் பாறையைக் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைக் கூறும் கல்வெட்டு, அதன் சுவரில் 1880-இல் கண்டெடுக்கப்பட்டது.

ஆனால் பகைவனின் மிரட்டல் மடல் வந்தபோது அவர் அதை எடுத்துக்கொண்டு ஆண்டவரின் இல்லத்திற்குப் போனார். மடலை அவர் திருமுன் விரித்து வைத்து மன்றாடினார் (2 அர 19:14-15). உழைப்பும் செபமும் அவரிடம் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கவில்லை. படைக்கலங்களையும் நீர்நிலைகளையும் மதிலையும் எண்ணிப் பார்த்த எருசலேம், இவற்றையெல்லாம் திட்டமிட்டவரை எண்ணிப் பார்க்கவில்லை என்று எசாயா கடிந்துகொண்டதும் இங்கு நினைவுக்கு வருகிறது (எசா 22:8-11). மதிலைக் கட்டியது தவறில்லை, கடவுளை மறந்ததுதான் தவறு.

2. செதேக்கியா: ஆபத்து நேரத்து நம்பிக்கை

நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின் பாபிலோனியர் அதே நகரை முற்றுகையிட்டனர். அச்சம் சூழ்ந்த வேளையில் அரசர் செதேக்கியாவும் மக்களும் உடன்படிக்கை செய்து, தங்கள் எபிரேய அடிமைகளை விடுதலை செய்தார்கள். பின்னர் பகைவரின் படை சிறிது காலம் விலகிச் சென்றது. ஆபத்து நீங்கியது என்று எண்ணியவர்கள், விடுதலை பெற்றவர்களை மீண்டும் அடிமைகளாக்கிக்கொண்டார்கள் (எரே 34:8-22). எரேமியா அதைக் கடுமையாகக் கண்டித்தார். பாபிலோனியர் திரும்பி வந்தனர், மதில் உடைந்தது. இரவோடு இரவாகத் தப்பி ஓடிய அரசர் எரிகோ சமவெளியில் பிடிபட்டார் (2 அர 25:4-5).

மருத்துவமனை வாசலில் செய்த பொருத்தனையை வீடு திரும்பியதும் மறந்துவிடும் நமக்கு, செதேக்கியா அந்நியர் அல்லர்.

3. நெகேமியா: மதிலுக்குள் இருந்த அழுகுரலைக் கேட்டவர்

பாரசீக அரசரின் பானப் பணியாளராக இருந்த நெகேமியா, எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கேட்டு அழுதார், நோன்பிருந்தார். பிறகு புறப்பட்டு வந்தார். குருக்கள், பொற்கொல்லர், வணிகர் எனப் பலரும் ஆளுக்கு ஒரு பகுதியாகக் கட்டினார்கள். சல்லூம் என்பவரின் புதல்வியரும் கட்டினார்கள் (நெகே 3:12). 52 நாள்களில் மதில் எழும்பியது (நெகே 6:15).

ஆனால் வேலைக்கு நடுவே ஏழைகளின் கூக்குரல் எழுந்தது. தானியத்திற்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், பிள்ளைகளை அடிமையாக்கியவர்கள், அரச வரிக்காகக் கடன் வாங்கியவர்கள் முறையிட்டார்கள். கடன் கொடுத்தவர்களும் அதே மதிலுக்குள் இருந்த உறவினர்தாம். வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நெகேமியா சொல்லவில்லை. சபையைக் கூட்டினார், தாமும் தம் ஆள்களும் கடன் கொடுத்திருப்பதை ஒப்புக்கொண்டார், நிலங்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். ஆளுநருக்கு உரிய படியையும் அவர் 12 ஆண்டுகள் பெற்றுக்கொள்ளவில்லை (நெகே 5).

நம்பிக்கையும் தலைமையும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் இதுதான். மதில் எவ்வளவு உயரம் என்பதைவிட, அதற்குள் வாழும் எளியவர் நிம்மதியாக உறங்குகிறாரா என்பதையே இறைவன் பார்க்கிறார்.

அன்பார்ந்தவர்களே, நாமும் ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கோவில், கெபி, மண்டபம், பிள்ளைகளின் எதிர்காலம் எனக் கட்டுவது நல்லதே. ஆனால் கோவில் நிதிக்கு நன்கொடை எழுதும் கையே அடுத்த தெரு ஏழையிடம் கந்துவட்டி வாங்குமானால், நாம் எழுப்பும் சுவரில் விரிசல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. பங்குப் பேரவையில், அன்பியத்தில், சுய உதவிக் குழுவில், குடும்பத்தில் பொறுப்பேற்றிருக்கும் ஒவ்வொருவரும் நம்மையே கேட்போம்: எனக்கு வந்த மிரட்டல் மடலை நான் எங்கே விரித்து வைக்கிறேன்? ஆபத்தில் கொடுத்த வாக்கை நிறைவேற்றினேனா? என் மதிலுக்குள் அழுவது யார்?

செஞ்சியில் மதில்கள் இன்றும் நிற்கின்றன, அவற்றை ஆண்டவர்கள் இல்லை. அடுத்தமுறை அவ்வழியே செல்லும்போது, அந்தக் குன்றுகளைப் பார்த்தபடி ஒரு நிமிடம் செபிப்போம்: இறைவா, நான் கட்டுவதில் உம்மையும், உம் எளிய மக்களையும் மறவாதிருக்க எனக்கு அருள்தாரும். ஆமென்.