படைக்கலம் ஏந்தா வீரர்

போர்க்களத்திற் சிறந்த வீரன் யார் என்று வினவினால், பகைவரை மிகுதியாக வீழ்த்தியவனையே பலரும் சுட்டுவர். ஆயின், முதலாம் உலக யுத்தத்திலே பிரித்தானிய இராணுவத்தின் சாதாரண படைவீரர் அனைவரினும் மிகுதியான வீரப் பதக்கங்களைப் பெற்றவர், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காயமுற்றோரைச் சுமந்த ஒருவராவர். அவர் பெயர் வில்லியம் ஹரோல்ட் கோல்ட்மன்.

இங்கிலாந்தின் ஸ்டபோர்ட்ஷயர் பகுதியில், ரேஞ்மோர் என்னும் சிற்றூரிலே 1891ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17ஆந் திகதி அவர் பிறந்தார். தோட்டஞ் செய்து வாழ்ந்த அவர், ஞாயிறு பாடசாலையிற் சிறுவர்க்குச் சமயமும் போதித்து வந்தார். 1915ஆம் ஆண்டு ஜனவரியில், வட ஸ்டபோர்ட்ஷயர் படைப்பிரிவிலே தாமாகவே சேர்ந்தார். முதலிலே துப்பாக்கி தாங்கிய சிப்பாயாகவே இருந்தார். ஆயினும், மனிதனை மனிதன் கொல்வதற்கு அவருடைய சமய நம்பிக்கை இடந்தரவில்லை. அதற்காக அவர் களத்தை விட்டு அகலவுமில்லை. காயம்பட்டோரைத் தூக்குக்கட்டிலிற் சுமக்கும் பணியைக் கேட்டுப் பெற்றார்.

அப்பணி எளிதன்று. குண்டு பொழியும் வேளையில் ஏனையோர் பதுங்குகுழியில் ஒதுங்கியிருக்கலாம். தூக்குக்கட்டில் சுமப்போனோ அப்பொழுதுதான், படைக்கலம் எதுவுமின்றி வெட்டவெளிக்குச் செல்லவேண்டும்.

1917ஆம் ஆண்டு பெப்ரவரியில், மூடுபனியின் மறைவில் முட்கம்பி வேலியைச் சீர்செய்யச் சென்ற குழுவொன்று, பனி திடீரென விலகியதால் எதிரியின் கண்ணிற் பட்டது. தொடையிற் குண்டு பாய்ந்து வீழ்ந்த அதிகாரியைக் கோல்ட்மன் சென்று மீட்டார். அதற்காக இராணுவப் பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே, தீப்பற்றிய வெடிமருந்துக் களஞ்சியத்திலிருந்து வெடிபொருள்களை அகற்றினார். சில நாட்களின் பின், சுரங்கவழி இடிந்து அகப்பட்டோரை மீட்க உழைத்தார். அதே பதக்கம் இரண்டாம் முறையும் அவருக்கு அளிக்கப்பட்டது. ஜூலையில், லென்ஸ் நகரின் அருகே இரவு முழுவதும் குண்டுமாரியிடையே காயமுற்றோரைத் தேடியலைந்தமைக்குச் சிறந்த நடத்தைப் பதக்கம் பெற்றார். 1918ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில், பெலங்லீஸ் என்னுமிடத்திலே உறக்கமும் ஓய்வுமின்றி ஆற்றிய தொண்டிற்காக அதனையும் மறுமுறை பெற்றார்.

சில நாட்களுள்ளே மிகப் பெருஞ் சோதனை வந்தது. ஒக்டோபர் 3ஆம், 4ஆந் திகதிகளில், செக்கார் என்னும் ஊருக்கு வடகிழக்கே மனிக்கின் குன்றிற் போர் மூண்டது. பிரித்தானியப் படை பின்வாங்கியபொழுது, காயமுற்றோர் சிலர் களத்திலே கைவிடப்பட்டனர். அச்செய்தி கோல்ட்மனின் செவிக்கு எட்டியது. பக்கவாட்டிலிருந்து வந்த கடுஞ் சூட்டினூடே அவர் தனியே முன்சென்றார். கிடந்தோரைக் கண்டு கட்டுப்போட்டார். ஒருவர்பின் ஒருவராக, மூன்று முறை, தம் முதுகிலேயே சுமந்து வந்து சேர்த்தார். தொடர்ந்து 48 மணி நேரம் காயமுற்றோரைப் பேணினார். அச்செயலுக்காகவே அதியுயர் விருதாகிய விக்டோரியா சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது. 1919ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி, பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அதனை அவருக்குச் சூட்டினார். ஊரார் வரவேற்புக்கு ஆயத்தமாயிருக்க, அதனைத் தவிர்த்து அமைதியாக அவர் வீடு சென்றார் என்பர்.

யுத்தகாலத்தில் அவர் எய்திய பதவி லான்ஸ் கோப்பிரல் மாத்திரமே. பின்னர் அவர் பேர்ட்டன் நகரசபையின் பூங்காக்களிலே தோட்டக்காரராய் உழைத்தார். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், அந்நகரின் பயிலிளைஞர் படையிலே கப்டனாகப் பணியாற்றினார். 1963ஆம் ஆண்டு ஓய்வுபெற்று, 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆந் திகதி, தமது 82ஆவது வயதிற் காலமானார். வின்ஷில் தேவாலய வளவிலே மனைவியாருடன் துயில்கின்றார்.

படை பின்வாங்கும்பொழுது விடுபட்டுப் போனவனை நினைப்பவர் சிலரே. அவனைத் தேடித் திரும்பிச் சென்றவரின் வரலாறு இதுவாகும்.