வானில் ஊர்வதா?

விமானத்தைப் பற்றி மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பொருளுரையோடுதான் தொடங்குகிறார்கள். 'வி' என்றால் பறவை, 'மானம்' என்றால் ஒப்பு. ஆகவே பறவையை ஒத்தது விமானம். கைதட்டலும் விழுகிறது. வடமொழியில் 'வி' பறவைதான், மறுப்பதற்கில்லை. இலத்தீனின் 'அவிஸ்' அதற்கு உறவு. அந்த அவிஸைக் கொண்டுதான் பிரான்ஸின் கிளெமான் அதேர் 1890ஆம் ஆண்டுக் காப்புரிமையில் தம் பறக்கும் பொறிக்கு 'அவியோன்' என்று பெயரிட்டார். பிரெஞ்சுச் சொல்லுக்குள் பறவை உண்டு. விமானத்துக்குள் இல்லை.

அதற்குள் இருப்பது அளவு. 'மா' என்பது அளத்தலைக் குறிக்கும் வேர். 'வி' வெறும் முன்னொட்டு. பரிமாணம், பிரமாணம், அனுமானம் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவையே. வெப்பமானியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'மானி'யும் அதுதான். ரிக் வேதத்தின் இரண்டாம் மண்டலத்தில் சோமனுக்கும் பூஷனுக்கும் உரிய ஏழு சக்கரத் தேர் வான்வெளியை அளப்பது என்ற பொருளில் இச்சொல்லைப் பெறுகிறது. அளந்து எழுப்பிய மாளிகைக்கும் அதே பெயர் வந்தது. பாலி மொழியின் விமானவத்து தேவ மாளிகைகளின் கதைத் தொகுப்பு. மயமதம் பேசும் விமானம் கட்டடம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஸ்ரீவிமானம் என்பதும் கருங்கல்லால் எழுப்பிய கட்டடத்தையே. திருவீழிமிழலையில் இரண்டு பொருளும் கைகோத்துக்கொண்டன: அங்கே கருவறைமேல் நிற்பது 'விண்ணிழி விமானம்', வானிலிருந்து இறங்கி வந்த கட்டடம்.

பறவைப் பொருளுக்கு இன்று ஊட்டம் தருவது வைமானிக சாஸ்திரம். பறவைகளுக்கு நிகரான வேகத்தால் விமானம் எனப்பட்டது என்பதே அந்நூலின் தொடக்கம். பரத்துவாச முனிவரின் பெயரில் உலவினாலும், அதைச் சொல்லி எழுதவைத்தவர் இருபதாம் நூற்றாண்டின் சுப்பராய சாஸ்திரி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 1974இல் ஆராய்ந்து, நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, அதில் விவரித்த பொறிகள் பறக்கவும் மாட்டா என்று எழுதிவிட்டார்கள். அப்படிப்பட்ட நூலைச் சொற்பிறப்புக்குச் சாட்சி கூப்பிடுவது வேடிக்கை.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு: விண் + மானம் = விமானம், தூய தமிழ். விண்ணோடு மீன் சேர்ந்தால் விண்மீன்; விமீன் ஆவதில்லை. இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

தமிழுக்குத் தன் சொல் இருக்கையில் இந்த வலிந்த பிரிப்பு எதற்கு? புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்கிறார்: புலவர் பாடும் புகழுடையோர், வலவன் செலுத்தத் தேவையில்லாத வான ஊர்தியை அடைவர். சிலம்பில் கோவலனோடு கண்ணகி விண்ணேறியதும் வான ஊர்தியில்தான். அமரகோசம் விமானத்துக்கு இணையாகத் தரும் 'வியோமயானம்' என்பதற்கும் இதே பொருள். எனவே வானூர்தியைத் தனித்தமிழ் இயக்கத்தார் செய்த சொல் என்று தள்ளுகிறவர்கள் புறநானூற்றைத் திறந்து பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

"ஊர்வது பாம்பு, விமானம் ஊருமா?" என்பது அவர்களின் நிரந்தரக் கேலி. ஊர்தல் என்றால் ஏறிச் செலுத்துதல். குறள் 37இல் சிவிகையில் அமர்ந்தவன் 'ஊர்ந்தான்'. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவனின் ஊர்தி வெள்ளேறு; அது பாம்பைப் போல ஊரவில்லை. கேலி செய்கிறவர்களே குடியரசு நாளில் அலங்கார ஊர்தியைத் தயக்கமின்றிப் பார்க்கிறார்கள்.

சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர் வேறு வழியில் போனார். அரசி விசயை ஏறிய மயிற்பொறியை அவர் பறவை வடிவிலேயே செய்துவிட்டார்: திருகை வலப்புறம் முறுக்கினால் எழும்பும், இடப்புறம் முறுக்கினால் இறங்கும். பறவை போன்றது என்ற விளக்கம் பொருந்துகிற ஒரே பொருள் அதுதான். அவரோ அதைப் பொறி என்றார்.

ஹெலிகாப்டருக்கு ஈழத்தமிழர் வைத்த பெயர் 'உலங்கு வானூர்தி'. உலங்கு என்பதற்கு அகராதிகள் தரும் பொருள் கொசு. நின்ற இடத்திலேயே ரீங்கரிக்கும் அந்தப் பொறிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? 1861இல் பிரான்ஸில் பொன்தோன் தமேகூர், திருகுசுருளையும் சிறகையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைப் பிணைத்து உண்டாக்கிய ஹெலிகாப்டரைக்கூட உலங்கு முந்துகிறது. தமிழ்நாட்டு இதழ்கள் அதைத் தீண்டாதது ஏனோ.

இனி ஓட்டுகிறவர். வானூர்தி என்று எழுதுகிறவர்களும் அவரை மட்டும் விமானி என்றே விட்டுவைக்கிறார்கள். சங்க அகப்பாடல்களில் தலைவனின் தேரை விரைந்து செலுத்தும் வலவன் இருக்க, வேறு சொல் வேண்டியதில்லை. தலைமை விமானி இடப்பக்க இருக்கையில்தானே அமர்கிறார், அவர் எப்படி வலவன் என்று யாரேனும் கிளம்பினால், இது வலப்பக்கத்து வலம் அன்று, வல்லமையின் வல். நாளிதழ்கள் நாளையே வலவன் என்று எழுதத் தொடங்கலாம். ஆளில்லாமல் பறக்கும் ட்ரோனுக்கு 'வலவனிலா வானூர்தி' என்ற பெயரும் அதோடு தானாக வந்துவிடும்.