குழாய்க்கு முட்டுக் கொடுத்த சட்டம்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம் எங்கே சாலையோரம் தோண்டினாலும் வெறும் மண் வராது. குடிநீர்க் குழாய், தொலைபேசி கேபிள், சாக்கடை எல்லாம் வரும். லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுபோகும் குடிநீர்த் திட்டக் குழாயும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் புதைக்கப்பட்டது. இவற்றுக்கு நடுவே மின்கேபிள் பதிக்கப் பொக்லைன் ஓரளவுக்குத்தான் உதவும். பழைய குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாத இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆளை இறக்குவார்கள். 11 கிலோவோல்ட் கேபிளுக்கு 90 செ.மீ. ஆழம் வேண்டும். மின்சாரம் ஓடும் பழைய கேபிளில் கடப்பாரை பட்டால் என்ன ஆகும்? ஆள் தேடும் ஒப்பந்ததாரர் முதலில் எந்தத் தெருவில் வண்டியை நிறுத்துகிறார் என்பதையும் கவனியுங்கள், தோழர்களே.

இது பழைய கதை. 1910 இந்திய மின்சாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவைத் தேடிப் படியுங்கள். புதைந்திருக்கும் குழாய்க்கோ கேபிளுக்கோ அருகில் தோண்டுவதானால், அதன் உரிமையாளருக்கு 48 மணி நேரம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது உடனிருக்க அவருக்கு உரிமை உண்டு. அடிமண்ணை எடுத்தால் குழாய்க்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சேதமானால் இழப்பீடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பிரிவில் 'ஆப்பரேட்டர்' என்று வருவது கடப்பாரை பிடித்தவர் அல்ல, தோண்ட வேண்டிய நிறுவனம். பள்ளத்துக்குள் நிற்பவரைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. வேலையில் செத்த தொழிலாளிக்கு இழப்பீடு தரும் சட்டம் 1923இல்தான் வந்தது. குழாய் 13 ஆண்டு முந்திக்கொண்டது!

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. இரண்டும் ஒரே மேசைக்கு வந்த காலம் அது. பிறகு வேறு வேறு அமைச்சகங்களுக்குப் போய்விட்டன.

1910 சட்டம் போய் 2003 சட்டம் வந்தது. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியை வெளியிட்டது. கண்டபடி தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்பது அதற்குச் சொன்ன காரணம். பள்ளத்தில் கருகியவர்கள் அந்தத் தொகையில் எங்கே இருக்கிறார்கள்?

உங்கள் ஊரில் அடுத்த முறை பள்ளம் வெட்டினால் போய் நின்று கேளுங்கள். பக்கத்துக் கேபிளில் மின்சாரத்தை நிறுத்தினார்களா? இறங்கியிருப்பவரின் பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டிலும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் இருக்கிறதா? பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பள்ளத்தை மூடும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.