நான் மூடின மூடி, நின்னுபோன மோட்டார்

நாமக்கல்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. எங்க ஊர் பைபாஸ்ல போற என்.எச். 44-ஐப் பிடிச்சா, அது போய் முடியுற இடம் கன்னியாகுமரி. சம்பந்தம் அவ்வளவுதான்னு போன வருஷம் வரைக்கும் நானும் நெனச்சிட்டு இருந்தேன்.

காலேஜ் நண்பன் ஒருத்தனோட ஊர் முட்டத்துக்குப் பக்கம். 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தாங்களே, அந்த முட்டம். அவங்க அப்பாவோட வள்ளத்துல ஒரு காலையில நானும் ஏறினேன். பின்பலகையில ஒரு அவுட்போர்டு மோட்டார். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தினார். மண்ணெண்ணெய் லேசுல ஆவியாகாது. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அதை வச்சு ஸ்டார்ட் பண்றது கஷ்டம். அதனால முதல்ல கொஞ்சம் பெட்ரோல்.

பத்து நிமிஷம் போயிருக்கும். மோட்டார் இருமிச்சு, நின்னுடுச்சு. கயிறை இழுத்து பெட்ரோல்ல ஓட்டினார், ஓடுச்சு. மண்ணெண்ணெய்க்கு மாத்தினார், கொஞ்ச நேரத்துல மறுபடி நின்னுடுச்சு. இதுக்குள்ள காத்து எங்களைப் பாறைப் பக்கமா தள்ளிட்டு இருந்தது.

நான் எஞ்சினியர் இல்லையா? "பிளக் போயிருக்கும்ப்பா, கழட்டிப் பாக்கலாமா?"ன்னு கேட்டேன்.

"பெட்ரோல்ல ஓடுதுல்லா மக்ளே? அப்போ பிளக்குக்கு ஒண்ணும் இல்ல."

டேங்க்ல இருந்து மோட்டாருக்குப் போற குழாய் நடுவுல, கையால அமுக்குற ரப்பர் உருண்டை ஒண்ணு இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்தார். சப்பிப் போயிருந்தது. அது கல்லு மாதிரி இருந்தா அடைப்பு மோட்டார் பக்கம், சப்பிப் போயிருந்தா டேங்க் பக்கம். நேரா டேங்க் மூடிக்குப் போனார். அதுல காத்து போறதுக்கான சின்னத் திருகு இறுக்கி மூடியிருந்தது. எண்ணெய் குறையக் குறைய உள்ளே காத்து போகணும். போகலைன்னா உள்ளே வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வெளியே வராது. திருகைத் திறந்தார், 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம். ரெண்டு நிமிஷத்துல மோட்டார் ஓடுச்சு.

அந்தத் திருகை மூடினது நான்தான். கரையில நிக்கும்போது, 'லூஸா இருக்கே, சிந்திடுமே'ன்னு.

ஆபீஸ்ல நாங்க பக் தேடுறப்போ, கோடைப் பாதிப் பாதியாப் பிரிச்சு, தப்பு எந்தப் பாதியில இருக்குன்னு பார்ப்போம். அதுக்கு 'பைனரி சர்ச்'னு பேரு. அவர் ஒரு ரப்பர் உருண்டையை வச்சு அதையே பண்ணினார். இது அவருக்கு எங்கிருந்து வந்ததுன்னு தேடப் போய்த்தான் இந்த எபிசோட்.

அவுட்போர்டு மோட்டாரைப் பிரபலமாக்கினவர் ஓலே எவின்ரூட். 1877-ல நார்வேயில பிறந்து, சின்ன வயசுலயே அமெரிக்கா போனவர். ஏரியில துடுப்புப் போட்டு ஐஸ்கிரீம் வாங்கிட்டு வர்றதுக்குள்ள அது உருகிப் போச்சு, அந்தக் கடுப்புல யோசிச்சதுதான் மோட்டார்னு ஒரு கதை உண்டு. 1909-ல அவர் செஞ்ச மோட்டாரோட சக்தி ஒன்றரை குதிரைத்திறன். அது அமைதியான ஏரிக்குச் செஞ்ச சாமான். நம்ம கடற்கரையில முதல்ல உடையுற அலையைத் தாண்டணும்.

நம்ம பக்கம் எஞ்சின் கொண்டு வந்ததும் நார்வேதான். 1952-ல இந்தியா, நார்வே, ஐ.நா. மூணும் ஒப்பந்தம் போட்டு, கொல்லம் பக்கத்து நீண்டகரையில இந்தோ-நார்வீஜியன் திட்டம் தொடங்குச்சு. கன்னியாகுமரியும் அப்போ திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதான் இருந்தது; தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல. பழைய படகுகள்லயே எஞ்சினைப் பொருத்திப் பார்த்தாங்க, சரிவரலை. அதனால எஞ்சினுக்கு ஏத்த புதுப் படகு கட்டினாங்க. அந்தப் பாதை இறால் பிடிக்கிற இழுவைப் படகுகள்ல போய் முடிஞ்சது. கரையோரத்துல மீன் பிடிச்சவங்களுக்கு அந்தப் படகுகளே போட்டியா வந்தன. 1980-கள்ல சின்ன மீனவர்கள் கடன் வாங்கி மோட்டார் மாட்டினது ஆசையால மட்டும் இல்ல. இன்னும் தூரம் போகாம மீன் கிடைக்காதுங்கிற நிலைமை.

ஆனா கட்டுமரத்துல மோட்டாரை எங்கே மாட்டுறது? கட்டைகளைக் கயிறால கட்டின மரம் அது. மோட்டார் கவ்விப் பிடிக்க நேரான பின்பலகை கிடையாது. இங்கதான் முட்டம் வருது. நாகர்கோவில்ல பொருத்தமான தொழில்நுட்ப மையம்னு ஒண்ணு. அங்கே இருந்த பியர் ஜில்லேங்கிற பொறியாளரும் மீனவர்களும் சேர்ந்து பிளைவுட் வள்ளங்களைக் கட்டிப் பார்த்தாங்க. மணல்ல தூக்கி வைக்கிற அளவுக்கு லேசா இருக்கணும், அலை அடிச்சா உடையவும் கூடாது. அந்த அனுபவத்தை ஜில்லே 1985-ல புத்தகமா எழுதினார். பேரு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சின்னது அழகுன்னு ஷூமாக்கர் 1973-ல எழுதின புத்தகத்துக்கு, 'சின்னதுதாங்க கஷ்டம்'னு ஒரு பதில்.

வள்ளம் வந்தது, ஜப்பான் மோட்டார் வந்தது. அப்புறம்தான் நிஜமான பிரச்சினை. குளிரூட்டுறதுக்கு மோட்டார் கடல் தண்ணியை உறிஞ்சும். கரையோரம் மணலும் சேர்ந்து போய், பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் இறகைத் தேய்க்கும். உப்பு உள்ளே படியும். மண்ணெண்ணெய் சரியா எரியாம பிளக்ல கரி பிடிக்கும். நிறுத்துறதுக்கு முன்னால திரும்ப பெட்ரோலுக்கு மாத்தி ஓட்டலைன்னா, மறுநாள் காலையில கயிறு இழுத்துக் கை ஓஞ்சு போகும். மெக்கானிக்கும் உதிரி பாகமும் கிடைக்கலைன்னா அன்னைக்குத் தொழில் இல்ல, கடன் தவணை மட்டும் நிக்காது.

1980-ல திருவனந்தபுரத்துல உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது சிஃப்ஸ், வள்ளம் கட்டுற யார்டுகளோட நிக்கலை. மோட்டாருக்கு சர்வீஸ் மையங்களும் வச்சது. இயந்திரமயமாக்கல்னு பேசும்போது எத்தனை மோட்டார் வந்ததுன்னு எண்ணுறோம். அந்த மோட்டார் பத்தாவது வருஷமும் ஓடுறதுக்குக் காரணம், கரையில ஸ்பேனரோட உட்கார்ந்திருக்கிற ஆள். அவர்கிட்ட பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டவங்கதான் நண்பனோட அப்பா மாதிரி ஆட்கள்.

ஊருக்கு வந்து இதை எங்கப்பாகிட்ட சொன்னேன். முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். சிரிச்சார். "எங்களுக்கு டீசல் லைன்ல காத்துப் புடிச்சா வண்டி நிக்கும். உனக்குக் காத்துப் போகாம நின்னுருக்குது. ரெண்டுக்கும் மொதல்ல கை வெக்கற எடம் எண்ணெய் வர்ற வழிதான் கண்ணு" என்றார்.

உங்க ஊர்ல இப்படி ஒரு மெக்கானிக் இருந்தா, அவர் எங்கே, யார்கிட்ட தொழில் கத்துக்கிட்டார்னு ஒருதரம் கேட்டுப் பாருங்க. கேட்டதை எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். அதுவரைக்கும், அடுத்தவங்க படகுல தெரியாத திருகு எதையும் மூடாதீங்க.