குளிர்காலக் காற்றோட்டம்: புதுக்கோட்டைப் பிரதேசம்

ஐப்பசி பிறக்கையில் தென்மேற்குப் பருவக்காற்று பின்வாங்க, வடபுலத்து நிலம் குளிர்ந்து அதன்மேல் உயரழுத்தம் ஓங்க, அங்கிருந்து தெற்கே இறங்கும் வறண்ட காற்றானது பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, வங்கக் கடலின் நீராவியை வாரிக்கொண்டு வடகிழக்கிலிருந்து கரையேறுவதே இப்பிரதேசத்தின் குளிர்காலக் காற்றோட்டமாகும். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் முன்னோர் பிரித்துவைத்தது வெறும் சொல்லலங்காரமன்று. வாடை மட்டும் வீசினால் உடல் நடுங்குமேயன்றிக் கண்மாய் நிறையாது என்பதைப் புதுக்கோட்டைச் சம்சாரி நன்கறிவான்.

நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதன் வாயுமண்டலத்தில் சேர்த்துவரும் கரியமில வாயு, இந்த ஏற்பாட்டை இரண்டு விரோதமான திசைகளில் இழுக்கிறது. கடலைவிட நிலம் விரைந்து உஷ்ணமடைவதால், இரண்டுக்கும் இடையே குளிர்காலத்தில் நிலவும் வெப்ப வித்தியாசம் சுருங்கி, அதையே ஆதாரமாகக் கொண்ட காற்று தளரக்கூடும். மறுபுறம், வெப்பம் 1 பாகை ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்போ 1951 முதல் 2015 வரையில் சுமார் 1 பாகை சூடேறியிருக்கிறது. ஆகவே காற்று தளர, ஈரம் கனக்கும். எது மேலோங்கும் என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை.

இவற்றோடு சமுத்திரங்களின் இயல்பான ஊசலாட்டமும் கலந்துகொள்கிறது. இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பகுதி சூடேறி மேற்குப் பகுதி குளிர்ந்திருந்த 2016இல், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல், மேற்கே நகர்ந்து புதுக்கோட்டையின் ஆலங்குடி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஒரு தனிப் புயலை மனிதன் மூட்டிய வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடுவது அவசரம். ஆயினும் சூடேறிய கடல் புயலுக்குக் கூடுதல் வலிமை தரவல்லது என்பதில் ஐயமில்லை.

மழையின் மொத்த அளவைவிட அது பெய்யும் விதமே இம்மாவட்டத்துக்கு முக்கியமென்று கொள்ளவேண்டும். ஒரு கண்மாயின் கலிங்கு வழிந்து அடுத்த கண்மாய் பெருகுமாறு அமைந்த தொடர் ஏரிகளும், இடைக்காலக் கல்வெட்டுகளில் பேசப்படும் குமிழித் தூம்பு என்னும் மதகுகளும், பல நாள் நின்று பெய்யும் அடைமழையை எண்ணிச் செய்யப்பட்டவை. அதே மழை இரண்டு நாளில் கொட்டித் தீர்ந்தால், பெரும்பகுதி கலிங்குகளைத் தாண்டி வெள்ளாற்று வழியே கடலுக்குப் போய்விடும். கதிர் பால்பிடிக்கும் மார்கழியில் மடையைத் திறந்தால் சேறுதான் வரும்.