கலிமந்தான் பிரம்புத் தோட்டங்களின் வரலாறு

சேகா பிரம்பு என்பது பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஏறுகொடியாகும். இதன் தாவரவியல் பெயர் கலாமசு சீசியசு. போர்னியோ, சுமாத்திரா, மலாய் தீபகற்பம் ஆகிய பகுதிகளின் மழைக்காடுகளில் இது இயற்கையாக வளர்கிறது. இலை நுனியில் சாட்டைபோல் நீளும் உறுப்பில் உள்ள கொக்கி முட்களால் மரங்களைப் பற்றி மேலேறுகிறது. மனாவ் பிரம்புக்கு ஒரே தண்டுதான். வெட்டினால் அச்செடி இறந்துவிடும். சேகாவோ ஒரே தூரில் பல தண்டுகளைத் தருகிறது. முதிர்ந்தவற்றை வெட்டிய பின்னும் தழைக்கிறது. இவ்வியல்பே இதைத் தோட்டப் பயிராக்க உதவியது.

தோட்டங்களின் தோற்றம்

போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதி கலிமந்தான் எனப்படுகிறது. அங்கு பாரித்தோ ஆற்றுப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் சேகா பயிரிடப்பட்டு வருகிறது. தயாக்கு மக்கள் காட்டில் ஒரு பகுதியைத் திருத்தி நெல் விதைப்பர். அதே நிலத்தில் பிரம்பையும் நடுவர். நெல் அறுவடைக்குப் பின் நிலத்தைத் தரிசாக விடுவர். மீண்டும் வளரும் மரங்கள் பிரம்புக்குக் கொழுகொம்பாகின்றன. ஏறத்தாழ 7 முதல் 10 ஆண்டுகளில் முதல் அறுவடை கிடைக்கும். அதன்பின் பணம் தேவைப்படும்போதும் நல்ல விலை கிடைக்கும்போதும் வெட்டிக்கொள்ளலாம். இவ்வாறு பிரம்புத் தோட்டம் குடும்பத்தின் சேமிப்பாக அமைந்தது.

ஏற்றுமதித் தடை

சிங்கப்பூரும் ஆங்காங்கும் நெடுங்காலம் பிரம்பு வணிக மையங்களாக விளங்கின. உள்நாட்டு அறைகலன் தொழிலை வளர்க்கும் நோக்கில் இந்தோனேசிய அரசு 1986இல் பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1988இல் பாதி பதப்படுத்திய பிரம்புக்கும் தடை விரிந்தது. சாவகத்தின் சிரெபோன் போன்ற நகரங்களில் இருந்த தொழிற்கூடங்களுக்கு மூலப்பொருள் மலிவாகக் கிடைத்தது. ஆனால் வெளிநாட்டுச் சந்தையை இழந்த பயிரிடுவோருக்கு விலை சரிந்தது.

1997-98 வறட்சியின்போது பரவிய காட்டுத்தீயில் கிழக்குக் கலிமந்தானில் பல தோட்டங்கள் எரிந்தன. 1998இல் தளர்த்தப்பட்ட தடை, 2012 தொடக்கத்தில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

விளைவுகள்

மரங்கள் இன்றிச் சேகா ஏற முடியாது. எனவே பிரம்பு விலைபோகும் வரை, தோட்டக்காரர் மரங்களையும் காத்தனர். விலை வீழ்ந்தபின் பல தோட்டங்கள் அறுவடையின்றி விடப்பட்டன. சில இடங்களில் எண்ணெய்ப் பனையும் நிலக்கரிச் சுரங்கமும் அந்நிலங்களைப் பிடித்தன. மூலப்பொருளை நாட்டுக்குள் நிறுத்த வந்த தடை, அதை விளைவித்த காட்டுத் தோட்டங்களைக் காக்கும் காரணத்தையே வலுவிழக்கச் செய்தது.