திருமுக்கூடல் கல்வெட்டும் உருமாறிய கொரோனாவும்

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுற இடம் திருமுக்கூடல். பழைய சீவரத்துக்கு எதிர்க்கரை. அங்கே இருக்கிற அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டின ஒரு நீளமான கல்வெட்டு இருக்கு. அதில் ஒரு ஆஸ்பத்திரியின் வரவு செலவுக் கணக்கே இருக்கு!

ஆஸ்பத்திரியின் பெயர் வீரசோழன். படுக்கைகள் 15. கோயில் பணியாளர்களுக்கும், அங்கே தங்கி வேதம் படித்த மாணவர்களுக்கும் சிகிச்சை.

மருத்துவர், ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அதுபோக நிலம். அறுவை சிகிச்சை செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டு வந்து மருந்து செய்ய 2 பேர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள பெண்கள் 2 பேர், அதாவது இன்றைய செவிலியர்கள். அவர்களுக்கு 30 கலம் நெல், 1 காசு. தண்ணீர் கொண்டு வருபவருக்கும் நாவிதருக்கும் தனித்தனியா ஒதுக்கீடு. நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு.

கூடவே ஒரு மருந்துப் பட்டியல். கடுக்காய் லேகியங்கள், தைலங்கள், நெய்கள் என ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டியவை, கிட்டத்தட்ட 20 பெயர்கள்.

அந்த மருந்துகள் எல்லாம் வேலை செய்ததா என்பது வேறு கேள்வி. நான் பார்ப்பது வேறு விஷயம். நோயாளி வந்த பிறகு ஆள் தேடவில்லை. எந்த நோய் வரும்னு தெரியாமலேயே ஆள், சம்பளம், மருந்து, சாப்பாடு எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். அதுவும் கல்லில்!

சரி, இதுக்கும் உருமாறிய வைரஸுக்கும் என்ன சம்பந்தம்? சொல்றேன்.

முதல்ல உருமாற்றம்னா என்ன? ஓலையைப் பார்த்து ஓலை எழுதும்போது அங்கங்கே பிழை விழும் இல்லையா? வைரஸ் நம் செல்லுக்குள் தன்னைப் படி எடுக்கும்போதும் அப்படித்தான். பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்கு எந்த லாபமும் இல்லை. எப்போதாவது ஒரு பிழை, வைரஸ் வேகமாப் பரவவோ, நம் எதிர்ப்பு சக்தியை ஏமாற்றவோ உதவிடும். அந்த வகைதான் ஊரெல்லாம் பரவும்.

இப்போ 2021-ஐ நினைச்சுப் பாருங்க. ஒரே வருடத்தில் நமக்கு இரண்டு பரீட்சை.

முதல் பரீட்சை டெல்டா. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அப்போது தடுப்பூசி போட்டவர்கள் குறைவு. எந்த வகை வைரஸ்னு மரபணுவைப் படித்துப் பார்க்க, மாதிரிகளை வெளிமாநில ஆய்வகங்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

அடுத்த சில மாதங்களில் நடந்ததுதான் முக்கியம்.

செப்டம்பர் 12-ல் முதல் மெகா தடுப்பூசி முகாம். ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கும் மேல் ஊசி போட்டோம். செப்டம்பர் 14-ல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில், சுமார் 4 கோடி ரூபாய் செலவில், மாநில அரசின் சொந்த மரபணு பகுப்பாய்வு ஆய்வகம் திறக்கப்பட்டது. ஒமைக்ரான் என்ற பெயரே அப்போது கிடையாது.

நவம்பர் 24-ல் தென்னாப்பிரிக்கா புதிய வகை பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொன்னது. 26-ம் தேதி ஒமைக்ரான்னு பெயர் வைத்தார்கள். உடனே சொன்னதுக்குக் கிடைத்த பரிசு? பல நாடுகள் அவர்களுடைய விமானங்களுக்குக் கதவைச் சாத்தின. உண்மையைச் சொன்னவனுக்கே தண்டனை.

ஆனா அந்த எச்சரிக்கை நமக்கு உதவியது. ஒருவகை ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடும். ஒமைக்ரானில் 'எஸ்' மரபணு மட்டும் அதில் தெரியாது. மற்ற இரண்டும் தெரியும். அப்படி வந்த மாதிரிகளைத் தனியாக எடுத்து வைத்து மரபணுவைப் படிக்கலாம். டிசம்பர் 15-ல் தமிழ்நாட்டின் முதல் ஒமைக்ரான் உறுதியானது. வெளிநாட்டிலிருந்து வந்த பயணி அவர்.

2022 ஜனவரியில் தினசரி தொற்று மறுபடி 30,000-ஐத் தாண்டியது. ஆனா மே மாதத்து வரிசைகள் திரும்ப வரவில்லை. ஒமைக்ரான் நுரையீரலைக் குறைவாகத் தாக்கியது ஒரு காரணம். உங்கள் கையில் போட்ட ஊசி இன்னொரு காரணம். புது வகை வந்த பிறகு அவசரமாச் செய்தவற்றைவிட, வருவதற்கு முன் செய்து வைத்தவைதான் அதிகம் காப்பாற்றின.

இங்கேதான் எனக்கு மனசு உறுத்துது.

கொரோனா வார்டுகளுக்காக அவசரமாக ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடித்து வைக்கப்பட்டது. பி.பி.இ. கிட்டுக்குள் வேர்த்து நனைந்து வேலை பார்த்தவர்கள், வேலைக்காகத் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். நிதி நெருக்கடி, விதிமுறை என்று காரணங்கள் இருக்கலாம். ஆனா ஐ.சி.யூ. வேலை தெரிந்த ஒரு செவிலியரை ஒரே வாரத்தில் உருவாக்க முடியாதுங்க. 15 படுக்கைக்கு 2 பெண்கள்னு கணக்குப் போட்டு, அவர்களுடைய சம்பளத்தையும் கல்லில் வெட்டிய ஊர் நம்முடையது.

கொரோனா போகவில்லை. 2023 டிசம்பரில் ஜே.என்.1 வந்தது. இனியும் புதுப் பெயர்கள் வரும். வாட்ஸ்ஆப்பில் பெயரைப் பார்த்ததும் பதறாதீங்க. மூன்று கேள்வி கேளுங்க: வேகமாப் பரவுதா? நோய் தீவிரமாகுதா? ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பு சக்தியை மீறுதா? பதில் தெரிய சில வாரங்கள் ஆகும். அதுவரை காய்ச்சல், இருமல் இருந்தா மாஸ்க் போடுங்க. வீட்டில் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் இருந்தா அவர்களிடமிருந்து விலகி இருங்க. மூச்சுத் திணறினா தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க.

இன்னொரு உதவியும் பண்ணுங்க. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை?"ன்னு கேளுங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க.